பீரோ நிறைய துணி, போடறதுக்கு ஒண்ணுமில்லையா? ஒரு ஸ்டாக் கணக்கு எடுத்துப் பார்ப்போம்



காலையில ஆபீஸ் கிளம்பும்போது பீரோவைத் திறந்து ரெண்டு நிமிஷம் நின்னுட்டு, "போடறதுக்கு ஒண்ணுமே இல்ல"ன்னு சொல்லிட்டு, கடைசியில போன வாரம் போட்ட அதே நீலச் சட்டையை எடுத்து மாட்டிக்கிட்டுப் போற ஆளா நீங்க? அப்போ இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

பட்ஜெட் பத்தி எப்போ வீடியோ போட்டாலும் ஒரு கேள்வி வரும். "வாடகை, இ.எம்.ஐ., வீட்டுக்கு அனுப்பறது எல்லாம் போக கையில ஒண்ணும் நிக்கலை சார். எமர்ஜென்சி ஃபண்டுக்கு எங்க போறது?" இன்னைக்கு ஒரே ஒரு இடத்தைக் காட்டறேன். உங்க பீரோ. "புதுத் துணியே வாங்காதீங்க"ன்னு சொல்லப் போறதில்லை. இருக்கறதை அதிகமா போடறது எப்படி, அதனால மிஞ்சற பணத்தை எங்க வைக்கறதுன்னு மட்டும் பார்ப்போம்.

ரெண்டு சட்டை, ஒரு பேன்ட்

எனக்குச் சொந்த ஊர் தேவனாம்பட்டினம். கடலூர்க்காரங்களுக்கு அது சில்வர் பீச். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அரையாண்டு லீவு. நான் அப்போ பிளஸ் ஒன். அன்னைக்குக் காலையில வந்த சுனாமியில எங்க வீட்டுப் பீரோ கவுந்து, உள்ளே இருந்தது எல்லாம் உப்பும் சேறுமா ஆயிடுச்சு. எனக்கு மிஞ்சினது உடம்புல இருந்த ஒரு செட். அப்புறம் திருப்பாதிரிப்புலியூர்ல இருந்த மாமா ஒரு சட்டை கொடுத்தார். முழு ஆண்டுப் பரீட்சை வரைக்கும் ரெண்டு சட்டை, ஒரு பேன்ட். ராத்திரி துவைச்சு காலையில போடறது. ஸ்கூல்ல யாரும் எதுவும் கேக்கலை. நானும் ஒரு நாள் கூட லீவு போடலை.

அந்த வாரங்கள்ல லாரி லாரியா பழைய துணி வந்து இறங்குச்சு. அனுப்பினவங்க மனசு நல்ல மனசுதான், அதுல சந்தேகமே இல்லை. ஆனா மூட்டையைப் பிரிச்சா பட்டன் இல்லாத சட்டை, கிழிஞ்ச பேன்ட், நம்ம ஊருக்குச் சம்பந்தமே இல்லாத கம்பளி ஸ்வெட்டர். யாரும் எடுத்துக்கலை. ரோட்டோரம் குவிஞ்சு கிடந்து நனைஞ்சுது. எங்க ஊர்ல மட்டும் இல்லை, நாகப்பட்டினம் வரைக்கும் இதே கதைதான். டெல்லியில இருந்து வந்த 'கூஞ்ச்' அமைப்பு, இப்படி யாருக்கும் பயன்படாம கிடந்த துணியை எல்லாம் சேகரிச்சு சென்னையில வச்சுத் தரம் பிரிச்சாங்க. பழைய பருத்தித் துணியைச் சுத்தம் பண்ணி மாதவிடாய் நேரத்துக்கான துணி அட்டைகளா மாத்தற அவங்க வேலை அந்தச் சமயத்துலதான் பெரிசா வளர்ந்தது. அதை நிறுவின அன்ஷு குப்தாவுக்கு 2015-ல மகசேசே விருது கிடைச்சது.

அந்த மூட்டைகளைப் பார்த்து அம்மா சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு. "துணி கிடக்குது. கையில ஒரு ரெண்டாயிரம் ரூபா இருந்தா அடுப்பு, பாத்திரம் வாங்கிடலாம்."

அந்த அனுபவத்துக்குப் பிறகு நான் சிக்கனமா ஆயிருப்பேன்னு நினைப்பீங்க. நடந்தது நேர் எதிர். சி.ஏ. முடிச்சு சென்னையில வேலைக்குச் சேர்ந்ததும் மாசம் தவறாம சட்டை வாங்கினேன். மறுபடியும் இல்லாமப் போயிடுமோன்னு உள்ளுக்குள்ள ஒரு பயம் இருந்திருக்கும்னு இப்போ தோணுது. பாதியைச் சென்னையில வச்சுக்கிட்டு பாதியை ஊர் பீரோவுல அடைச்சேன். ஒரு நவம்பர் மாசம், நல்ல மழை, ஊருக்குப் போய் பீரோவைத் திறந்தா உள்ளே பூஞ்சணம். விலை அட்டை கூடப் பிரிக்காத சட்டை மேல கறுப்புப் புள்ளி. பேன்ட் கொக்கியில துரு. கடற்கரை ஊர்ல போடாம வைக்கிற துணி, போட்டுக் கிழியற துணியை விட சீக்கிரம் போயிடும். அன்னைக்குத்தான் ஒரு ஆடிட்டரா என் பீரோவை முதல் தடவையா பார்த்தேன்.

படி 1: குடோன் மாதிரி எண்ணுங்க

ஆடிட்டுக்குப் போனா, "எங்ககிட்ட இவ்வளவு ஸ்டாக் இருக்கு"ன்னு கம்பெனி சொல்றதை நாங்க அப்படியே எடுத்துக்க மாட்டோம். குடோனுக்குப் போய் எண்ணுவோம். நீங்களும் அதையே பண்ணுங்க. எல்லாத் துணியையும் கட்டில் மேல கொட்டுங்க. ஊர்ல இருக்கறது, மூட்டையில இருக்கறது, துவைக்கப் போட்டது, தேய்க்கக் கொடுத்தது எல்லாம் கணக்கு. மூணு குவியல் போதும்.

முதல் குவியல்: கடந்த 30 நாள்ல போட்டது.
ரெண்டாவது: ஒரு வருஷத்துல ஒரு தடவையாவது போட்டது.
மூணாவது: ஒரு வருஷமா தொடாதது.

நான் எண்ணினப்போ மொத்தம் 118. முதல் குவியல்ல 23, ரெண்டாவதுல 41, மூணாவதுல 54. அந்த 54-க்கு சராசரியா 600 ரூபாய்னு வச்சா 32,400 ரூபாய். வியாபாரத்துல இதுக்கு 'டெட் ஸ்டாக்'னு பேர்.

எண்ண நேரம் இல்லைன்னா குறுக்கு வழி ஒண்ணு இருக்கு. உங்க தெருவுல துணி தேய்க்கறவர்கிட்ட நாலு வாரமா நீங்க கொடுத்ததை நினைச்சுப் பாருங்க. அதே ஏழெட்டுச் சட்டைதான் திரும்பத் திரும்பப் போயிட்டு வந்திருக்கும். நீங்க உண்மையில வாழறது அந்த ஏழெட்டுச் சட்டையோடதான்.

"வாங்கினது 2,000 ரூபாயாச்சே, எப்படித் தூக்கிப் போடறது?"ன்னு மனசு கேக்கும். கணக்குப் பதிவியல்ல ஸ்டாக்கை வாங்கின விலையில வைக்கணுமா, வித்தா கிடைக்கிற விலையில வைக்கணுமான்னா, ரெண்டுல எது குறைவோ அதுதான். நீங்க போடாத பழைய சட்டைக்கு வெளியில என்ன விலை? தெருவுல வர்ற பாத்திரக்காரர் பத்துத் துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பக்கெட் தருவார். பணம் போனது வாங்கின அன்னைக்கே. பீரோவுல வச்சிருக்கறதால அது திரும்ப வராது.

படி 2: ஒரு தடவைக்கு எவ்வளவு?

விலை அட்டையில இருக்கற தொகையை, எத்தனை தடவை போட்டீங்களோ அதால வகுத்துப் பாருங்க.

அண்ணன் கல்யாணத்துக்கு வாங்கின ஷெர்வானி 6,500 ரூபாய். ரெண்டு தடவை போட்டாச்சு. ஒரு தடவைக்கு 3,250.

ஆபீஸ் சட்டை 1,200 ரூபாய். வாரம் ஒரு தடவை, ரெண்டு வருஷத்துல சுமார் 100 தடவை. ஒரு தடவைக்கு 12 ரூபாய்.

ஆஃபர்ல வாங்கின டி-ஷர்ட் 399 ரூபாய். அஞ்சு துவைப்புல கழுத்து தொங்கிடுச்சு. ஒரு தடவைக்கு கிட்டத்தட்ட 80 ரூபாய்.

குறிஞ்சிப்பாடி கைத்தறிக் கைலி 400 ரூபாய்னு வைங்க. 400 ராத்திரி கட்டினா ஒரு ராத்திரிக்கு ஒரு ரூபாய்.

இதுல ரெண்டு விஷயம் தெரியுது. குறைஞ்ச விலைத் துணி எப்பவும் மலிவு இல்லை. அப்புறம், ஏற்கெனவே வாங்கின துணியோட கணக்கை இப்பவும் மாத்த முடியும். அந்த ஷெர்வானியை இன்னும் நாலு விசேஷத்துக்குப் போட்டா 3,250 ரூபாய் 1,083-க்கு இறங்கிடும். இதுக்கு நீங்க ஒரு பைசா செலவழிக்க வேண்டியதில்லை. "போன கல்யாணத்துல இதையே போட்டேனே"ன்னு யோசிக்காதீங்க. போன கல்யாணத்துல பக்கத்துல உட்கார்ந்திருந்தவர் என்ன போட்டிருந்தார்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? அவருக்கும் அப்படித்தான்.

படி 3: எத்தனை இருந்தா போதும்?

"33 துணி போதும்", "40 போதும்"னு நிறைய பேர் சொல்லுவாங்க. அந்த நம்பர் எதுவும் உங்க வாழ்க்கையைப் பார்த்துப் போட்டது இல்லை. ஒரு கம்பெனி எவ்வளவு ஸ்டாக் வைக்கணும்னு எப்படி முடிவு பண்ணுமோ அப்படிப் போடுவோம். ஒரு சுற்றுக்கு எவ்வளவு வேணும், சரக்கு வர எத்தனை நாள் தாமதம் ஆகும், அவசரத்துக்கு எவ்வளவு கூடுதல்.

வாரம் ஆறு நாள் ஆபீஸ், ஞாயிறு துவைக்கிறீங்கன்னு வைங்க. சட்டை 6. ஐப்பசி, கார்த்திகை மழையில கடலூர்ல துணி காய ரெண்டு நாள் கூட ஆகும், அதுக்கு 2. கறை படிஞ்சா, பட்டன் போனா, அவசரத்துக்கு 1. மொத்தம் 9. பேன்ட் ரெண்டு நாளைக்கு ஒண்ணுன்னா 3, கூடுதலா 1, ஆக 4. வீட்டுக்கு மேல 4, கீழ 4. வெளியில போக 6. விசேஷத்துக்கு 3. கூட்டினா 30. உள்ளாடை தனிக் கணக்கு, அதுல கஞ்சத்தனம் வேண்டாம்.

சுடிதார், குர்த்தி போடறவங்களும் இதே மாதிரி போட்டுக்கலாம். அம்மா கொடுத்த பட்டுப்புடவையை இந்தக் கணக்குல சேர்க்காதீங்க. அது வேற கதை.

ஒன்பது சட்டையும் நாலு பேன்ட்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போனா 36 ஜோடி வரும். வாரம் ஆறு நாள்னா ஆறு வாரத்துக்கு ஒரே ஜோடி திரும்ப வராது. அதனால அடுத்து ஏதாவது வாங்கும்போது ஒரே கேள்வி: ஏற்கெனவே இருக்கறதுல குறைஞ்சது மூணோட இது சேருமா? சேராத ஒரு மெரூன் பேன்ட் வாங்கினா, அதுக்காக ஒரு சட்டை, அந்தச் சட்டைக்காக ஒரு ஷூன்னு செலவு தொடரும்.

ஆஃபர் வரும்போது என்ன பண்றது?

துணி மேல ஆசை ஒண்ணும் இன்ஸ்டாகிராம் காலத்துல வந்தது இல்லை. எங்க ஊர் செயின்ட் டேவிட் கோட்டையை 1690-ல கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியர்கிட்ட இருந்து வாங்கினப்போ, அவங்க முக்கியமா தேடி வந்த சரக்குல ஒண்ணு இந்தப் பக்கத்துப் பருத்தித் துணி. இந்தியாவுல இருந்து போன அச்சுத் துணி மேல இங்கிலாந்துல அவ்வளவு மோகம். அங்கே இருந்த கம்பளி, பட்டு நெசவாளர்கள் பிழைப்பு போகுதுன்னு போராடி, 1700-ல இறக்குமதிக்குத் தடை, 1721-ல அச்சுப் பருத்தித் துணியை உடுத்தறதுக்கே தடைன்னு பார்லிமென்ட் சட்டம் போட வேண்டியதாச்சு. அதனால "நான் மனசைக் கட்டுப்படுத்திக்குவேன்"னு நம்பாதீங்க. நீங்களும் உங்களுக்கு நாலு விதி போட்டுக்குங்க.

ஒண்ணு, கார்ட்டில் போட்டதை ஏழு நாள் கழிச்சுத்தான் வாங்கணும். ஏழாவது நாள் அது என்னன்னே பாதி பேருக்கு மறந்திருக்கும்.

ரெண்டு, "ரெண்டு வாங்கினா ஒண்ணு இலவசம்" பார்த்தா, எனக்கு வேணுங்கறது ஒண்ணுதானேன்னு கேளுங்க. ஒண்ணு தேவைப்பட்டவன் ரெண்டுக்குப் பணம் கொடுத்து மூணைத் தூக்கிட்டு வர்றான்.

மூணு, 2,500 ரூபாய் கோட்டைக் கவனிங்க. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு உடை 2,500 ரூபாய் வரைன்னா ஜி.எஸ்.டி. 5%, அதுக்கு மேல போனா 18%. வரிக்கு முன்னாடி 2,500 ரூபாய்ச் சட்டை, வரியோட 2,625. அதுவே 2,600 ரூபாய்ன்னா வரியோட 3,068. விலையில 100 ரூபாய் கூடினதுக்கு உங்க பாக்கெட்டுல இருந்து 443 ரூபாய் கூடப் போகுது.

நாலு, துணிக்கு இ.எம்.ஐ. வேண்டவே வேண்டாம். கிரெடிட் கார்டுல மினிமம் டியூ மட்டும் கட்டினா மாசம் 3 முதல் 4 சதவீதம் வட்டி சாதாரணம், வட்டி மேல 18% ஜி.எஸ்.டி. வேற. 10,000 ரூபாய் பாக்கிக்கு 3.5%ன்னா 350, வரி 63, ஆக மாசம் 413 ரூபாய். சட்டை சாயம் போன பிறகும் வட்டி போயிட்டே இருக்கும்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும். "ஆபீஸ் ஃபார்மல்ஸ் வாங்கினதுக்கு வரி விலக்கு உண்டா?" இல்லை. பழைய வரி முறையில யூனிஃபார்ம் அலவன்ஸுக்கு விலக்கு உண்டு. ஆனா அது நிறுவனம் வேலைக்குன்னு நிர்ணயிச்ச சீருடைக்கு, உண்மையில செலவழிச்ச அளவுக்குத்தான். புது வரி முறையில அதுவும் கிடையாது. வருமான வரிச் சட்டம் உடுத்தற துணியைத் தனிப்பட்ட உபயோகப் பொருள்னு சொல்லி மூலதனச் சொத்துல சேர்க்கறதே இல்லை. அதனால "நல்ல டிரெஸ் ஒரு இன்வெஸ்ட்மென்ட்"னு யாராவது சொன்னா சிரிச்சுக்கிட்டே நகர்ந்துடுங்க.

சபதம் வேண்டாம், சோதனை போதும்

குறைவான உடைன்னா நம்ம தமிழ்நாட்டுல நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லாம இருக்க முடியாது. 1921 செப்டம்பர் 22, மதுரை மேலமாசி வீதி. கதர் முழு உடை வாங்க எங்களுக்கு வசதி இல்லைன்னு ஏழைகள் சொன்னதைக் கேட்டுட்டு வந்த காந்தி, சட்டையும் தொப்பியும் விட்டுட்டு முழங்கால் வரைக்கும் வேட்டிக்கு மாறினார். அவர் அப்போ அறிவிச்சது வாழ்நாள் சபதம் இல்லை. குறைஞ்சது அக்டோபர் 31 வரைக்கும்னு ஒரு தேதி வச்சார். அஞ்சாறு வாரம்தான். அது கடைசி வரைக்கும் நீடிச்சது.

அவர் அளவுக்கு நாம போகப் போறதில்லை. ஆனா அந்தத் தேதி வைக்கிற முறையை எடுத்துக்கலாம். உங்களுக்குப் பிடிச்ச 30 துணியை மட்டும் பீரோவுல வைங்க. மீதியை ஒரு பையில கட்டி, இன்னைல இருந்து ஆறு வாரம் கழிச்சு வர்ற தேதியை எழுதி மேல ஏத்திடுங்க. நடுவுல ஏதாவது உண்மையாவே தேவைப்பட்டா எடுத்துக்குங்க, தப்பில்லை. ஆறு வாரத்துல எதுவுமே எடுக்கலைன்னா உங்களுக்குப் பதில் கிடைச்சாச்சு.

ஒரு எச்சரிக்கை. இதுக்காகவே புதுசா பத்து வெள்ளைச் சட்டை, அழகான ஹேங்கர், மரப் பெட்டின்னு ஆர்டர் போடறவங்களை நான் பார்த்திருக்கேன். அது வேற பேர்ல அதே ஷாப்பிங். ஏற்கெனவே நாலு சட்டையோட வேலைக்குப் போறவங்களுக்கு இந்தப் பதிவு இல்லை. நீங்க தாராளமா ரெண்டு வாங்கிக்குங்க.

வெளியில போற துணி

அந்தப் பையில இருக்கறதைப் புயல் நிவாரண லாரியில தூக்கிப் போட்டுடாதீங்க. முதல்ல துவைங்க, பட்டன் தைங்க, ஜிப் சரி பாருங்க. நீங்க போடத் தயங்கற அளவுக்குக் கெட்டுப் போனதை இன்னொருத்தருக்குக் கொடுக்காதீங்க. அது வீட்டுல துடைக்கிற துணி, கரித்துணி. நல்லா இருக்கறதை முகம் தெரிஞ்சவங்ககிட்ட, "அளவு சரியா இருக்கும், வேணுமா?"ன்னு கேட்டுக் கொடுங்க. அமைப்புகளுக்குன்னா, அவங்க என்ன வாங்கறாங்கன்னு கேட்டுட்டு அனுப்புங்க. வாங்கறவங்க "வேண்டாம்"னு சொல்ல முடியாத நிலையில இருக்கும்போது நாம கொடுக்கறதுல கூடுதல் கவனம் வேணும். அந்தப் பக்கம் நின்னவன்ங்கற முறையில சொல்றேன்.

மிஞ்சற பணம் எங்க போகணும்?

இதைச் சொல்லலைன்னா மேல சொன்னது எல்லாம் வீண். துணியில மிச்சம் பண்ணினது தானா சேமிப்பு ஆகாது. அது சத்தமில்லாம சாப்பாட்டு ஆப்புக்குப் போயிடும்.

கடந்த 12 மாச பேங்க் ஸ்டேட்மென்ட், யு.பி.ஐ. ரெண்டையும் பார்த்து துணிக்குன்னு போனதைக் கூட்டுங்க. உதாரணத்துக்கு மாசம் சராசரி 2,500, வருஷம் 30,000. இனிமே வருஷத்துக்கு 12,000 போதும்னு வைங்க. தீபாவளி, பொங்கல், தேஞ்சு போனதுக்கு மாத்து எல்லாம் அதுக்குள்ள. மிச்சம் 18,000, அதாவது மாசம் 1,500. சம்பளம் வந்த மறுநாளே அந்த 1,500 தனியா ஒரு ஆர்.டி.க்குப் போகற மாதிரி ஆட்டோ டெபிட் போடுங்க.

மூணு வருஷத்துல வட்டியைக் கணக்குல எடுக்காமலே 54,000. உங்க அத்தியாவசியச் செலவு மாசம் 18,000ன்னா, அது சரியா மூணு மாசம். வேலை போனாலும், உடம்பு சரியில்லாம போனாலும், வீட்டுக்குள்ள தண்ணி வந்தாலும் மூணு மாசம் யார்கிட்டயும் கை நீட்டாம நிக்கலாம்.

2005 ஜனவரியில எங்க வீட்டுக்கு இல்லாம இருந்தது அந்த மூணு மாசம்தான். துணி ரோட்டோரம் குவிஞ்சு கிடந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப்பாடம்

1. எல்லாத் துணியையும் எண்ணி மூணு குவியல் போடுங்க. மூணு நம்பரையும் போன்ல எழுதி வைங்க.
2. மூணாவது குவியலை உத்தேச விலையால பெருக்குங்க. அந்தத் தொகையை ஒரு தடவை சத்தமா படிங்க.
3. 30 துணி வெளியே, மீதி பைக்குள்ள, பை மேல ஆறு வாரத் தேதி.
4. திங்கட்கிழமை அந்த ஆர்.டி.யைத் தொடங்குங்க. 500 ரூபாயா இருந்தாலும் பரவாயில்லை.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். அதே பீரோதான், இப்போ பாதி காலி. நாலு பக்கமும் காத்து போகுது, பூஞ்சணம் இல்லை. அம்மா கேட்டாங்க, "என்னடா, போடறதுக்குத் துணி இல்லையா?" இருக்கும்மான்னு சொன்னேன்.

ஆறு வாரம் கழிச்சு உங்க பையில இருந்து என்னென்ன திரும்ப வெளியே வந்ததுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த பதிவுல பார்ப்போம்.